பேரன்களில் ஒரு மார்ட்டினும் இல்லை

ஞானஸ்நானத்துக்கு எட்டு நாள் முன்புவரை என் மகனுக்கு மார்ட்டின் என்றுதான் பெயர். இருநூறு அழைப்பு அட்டைகளில் அச்சாகியிருந்தது. பார்ட்லி பெரியப்பாவின் ஓட்டல் வாசலில் தொங்கிய துணிப் பதாகையில் இருந்தது. கேக்கின் மேல் எழுதச் சொல்லி பேக்கரியில் எழுதிக் கொடுத்தும் ஆகிவிட்டது. பிள்ளைக்கு இரண்டு மாதம். அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது?

அயர்லாந்தில், எங்கள் ட்ரும்கரா தேவாலயப் பங்கில் பிள்ளைக்குப் பெயர் தேடுகிற வேலையே கிடையாது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். அதற்குப் பிறகுதான் சித்தப்பா, மாமா எல்லாம். பங்கில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் கில்ரோனன். தபால் நிலையத்து வாசலில் நின்று "கில்ரோனன்" என்று கத்தினால் நாய்கூடத் திரும்பிப் பார்க்கும். அதனால் குடும்பப் பெயரை யாரும் உபயோகிப்பதில்லை. நான் பீடரின் டோமாஸ். அப்பா டோமாஸின் பீடர். என் மகனும் டோமாஸின் பீடராகத்தான் ஆகியிருக்க வேண்டும்.

அதை மாற்றியது நான். யாரும் என் கையை முறுக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. உலகத்தில் உள்ள கில்ரோனன்களையெல்லாம் ஆகஸ்ட் மாதம் ஊருக்கு வரவழைத்து ஒரு குலக் கூடல். அவருக்குப் பிள்ளை இல்லை. ஓட்டல் இருக்கிறது, முப்பத்தெட்டு அறைகள். நான் நூலகத்தின் பின்னறையில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவன். வம்சாவளியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

உண்மையில் சந்தோஷமாகத்தான் செய்தேன். சனிக்கிழமைகளில் டப்ளினுக்கு ரயில் ஏறிப் போய், கையுறை போட்டுக்கொண்டு ஏடுகளைப் புரட்டினேன். எங்கள் பெயர் முதலில் தட்டுப்படுவது ஒரு மடத்தின் ஏட்டில். கில்ரோனன் என்றால் ரோனன் என்கிற துறவியின் அடியான். மடத்து நிலத்தில் மாடு மேய்த்தவர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் மழையில் நனைந்துகொண்டு மாட்டின் பின்னால் நடந்த ஒருவனை நினைத்துப் பார்ப்பேன்.

"மாடு மேய்ச்சவன்னு போட்டா பாஸ்டன்லேருந்து எவன்டா டிக்கெட் எடுத்து வருவான்?" என்றார் பெரியப்பா. ஒரு கடல்நாயும் கிரீடமும் போட்ட முத்திரையை அவரே வரைய வைத்து, பச்சைச் சட்டைகளில் அச்சடித்தார். "ஒரு வீரன் வேணும். கண்டுபிடி."

கண்டுபிடித்தேன். 1848, உருளைக்கிழங்கு அழுகி வந்த பஞ்சத்தின் மூன்றாம் வருஷம். நிலப்பிரபுவின் காரியஸ்தர் எழுதிய ஒரு கடிதம். மார்ச் மாதம் எங்கள் பங்கின் டெரிபான் சரிவில் குடியிருந்தவர்களை வெளியேற்றியதைப் பற்றி நாலே வரி. "பதினேழு வீடுகளும் இடிக்கப்பட்டன. மார்ட்டின் கில்ரோனனின் வீடு மட்டும் நிற்கிறது." மார்ட்டின் என் தாத்தாவுடைய தாத்தாவின் அப்பா. அந்த வரியைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஒருவனைப் பார்த்தேன். பின்னால் நாலு பிள்ளைகள், முன்னால் சிப்பாய்கள். அப்படியே எழுதிக் கொடுத்தேன். "கடைசிவரை வாசலை விடாதவர்." நான் படிக்கிற நாவல்களில் வருகிற ஆள் மாதிரி.

பெரியப்பா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கூடல் நடக்கிற ஞாயிறன்று டெரிபானில் நினைவுக் கல் நடப்படும், அதில் மார்ட்டின் பெயர் மட்டும் பெரிதாக. அதே ஞாயிறு காலை என் மகனுக்கு அந்தப் பெயரில் ஞானஸ்நானம். அப்பாவிடம் கேட்டேன். தன் பெயர் போகிறதே என்று அவருக்கு வருத்தம் இருக்கும் அல்லவா? "பரவாயில்ல" என்றார். அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார்.

எட்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலையில், தபால்காரி வின்னி பின்னறைக்கு வந்தாள். வின்னியும் கில்ரோனன்தான், ஆனால் பள்ளத்துக்காரி. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிற ஏழெட்டு வீடுகளுக்கு அந்தப் பெயர். ஏன் என்று நான் கேட்டதில்லை. கடிதங்களை மேசையில் போட்டவள், அடுக்கியிருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்துப் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தோள்பை நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"மார்ட்டினா? டேய் டாம், எந்த மார்ட்டின்?"

"டெரிபான் மார்ட்டின், வின்னி அக்கா. வாசலை விடாதவர்."

"யாரு, கடப்பாரை மார்ட்டினா?"

"என்ன கடப்பாரை?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நெசமாவே தெரியாதா? ரெண்டு வருஷமா ரயில்ல போயி என்னத்தடா படிச்ச? சரி, அவருக்கு எத்தன பசங்க?"

"நாலு."

"நாலு பேருக்கும் மூத்த மகன் பேரு என்ன? பாத்துட்டுச் சொல்லு. அதுக்கு டப்ளினுக்குப் போக வேணாம், உன் முதுகுக்குப் பின்னாடி அலமாரியில இருக்கு." வாசலில் நின்று திரும்பினாள். "குழந்தைக்கு ஒரு சட்டை பின்னிக்கிட்டிருக்கேன். பேரு போடலாம்னு இருந்தேன். நல்லவேளை, போடல."

ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தேன். மூத்தவன் டோமாஸின் முதல் மகன் பார்ட்லி. இரண்டாமவனின் முதல் மகன் ஹியூ. மூன்றாமவனுக்கு ஓவன். நான்காமவனுக்கு ஸ்டீபன். நாலும் அம்மா வழித் தாத்தாக்களின் பெயர்கள். மற்ற பேரன்களைத் தேடினேன். பன்னிரண்டு பேரன்கள். ஒருவன்கூட மார்ட்டின் இல்லை. பிறகு பங்கு முழுவதையும் பார்த்தேன். மற்ற குடும்பங்களில் மார்ட்டின்கள் இருந்தார்கள், துறவி மார்ட்டின் திருநாளுக்கு இன்றும் ஊரில் சேவல் அறுக்கிறார்கள். கில்ரோனன் வீடுகளில் மட்டும் 1848க்குப் பிறகு அந்தப் பெயர் இல்லவே இல்லை.

இந்த ஊரில் பிறந்தவன் நான். தாத்தா பெயர் பேரனுக்கு வராமல் போனால் என்ன அர்த்தம் என்று இங்கே ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பதிவேட்டை நூறு தடவை புரட்டியிருக்கிறேன். கடிதத்தில் இருந்த பெயரைத் தேடினேனே தவிர, பதிவேட்டில் இல்லாத பெயரைத் தேடவில்லை. வெளியூர்க்காரன் மாதிரி படித்திருக்கிறேன். எல்லா வீட்டையும் இடித்துவிட்டு ஒரு வீட்டை மட்டும் ஏன் விடுவார்கள்? இடித்துக் கொடுத்தவன் வீடு என்பதால்தான் விடுவார்கள்.

அப்பா ஓட்டலின் பின்முற்றத்தில் மடக்கு நாற்காலிகளுக்குப் பச்சை வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக அங்கே அவருக்குத்தான் எல்லா வேலையும்: குழாய், கூரை, தோட்டம். நாங்கள் குடியிருக்கிற வீடும் பெரியப்பாவுடையது.

"அப்பா, மார்ட்டின் கடப்பாரை தூக்கினவரா?"

தூரிகை நின்றது. "யாரு சொன்னா?"

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"எவ்வளவு நாளா?"

"சின்ன வயசுலேருந்து. எல்லாருக்கும் தெரியும்டா. காரியஸ்தன் ஆள் தேடினான். உள்ளூர்க்காரன் முதல் அடி போட்டாத்தான் மத்தவங்க எதிர்க்க மாட்டாங்கன்னு. அவருக்கு நாலு பிள்ளைங்க. வீட்டை விட்டுடறோம்னு சொன்னாங்க. அவர் போட்டார்." மீண்டும் பூச ஆரம்பித்தார். "ஆலங்கட்டி மழையாம் அன்னிக்கு. வின்னியோட பாட்டிக்குப் பாட்டி காய்ச்சல்ல கிடந்தவங்க. கட்டிலோட வெளிய வெச்சாங்களாம். சரிவுலேருந்து இறங்கி, கிடைச்ச பள்ளத்துல கூரை போட்டு ஒண்டினவங்கதான் பள்ளத்துக்காரங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"எவனாவது வந்து, 'அப்பா, நம்ம வம்சத்துல எவனாச்சும் அக்கம்பக்கத்து வீட்டை இடிச்சானா'ன்னு கேப்பானா? நான் எழுதினதைப் படிச்சீங்க! வாசலை விடாதவர்னு எழுதியிருந்தேன். அதைப் படிச்சிட்டு 'நல்லா எழுதியிருக்க'ன்னு சொன்னீங்க!"

"நல்லாத்தான் எழுதியிருந்த" என்றார் அப்பா.

கையில் கிடைத்த நாற்காலியைத் தூக்கி எறிந்தேன். பச்சை வண்ணம் என் சட்டையெல்லாம் ஆயிற்று. அவர் எழுந்துபோய் அதை எடுத்து வந்து, கீறல் விழுந்த இடத்தில் மறுபடி பூசினார். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. கடப்பாரை தூக்கியவனைக்கூட என்னால் ஓரளவு நினைத்துப் பார்க்க முடிந்தது. நாலு பிள்ளைகள், ஆலங்கட்டி மழை. நூற்றெழுபது வருஷம் கழித்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அவனுக்குக் கல் நடுகிறவர்களை எப்படி நினைத்துப் பார்ப்பது?

பெரியப்பா சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். கரண்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"வின்னிதானே? அவளுக்கு வாய் ஒண்ணுதான் சொத்து."

"உங்களுக்கும் தெரியும்."

"தெரிஞ்சா என்னடா? அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. வர்றவங்க யாரு? எழுபது வயசு, எண்பது வயசு. வாழ்க்கையில ஒரு தடவை வராங்க. ஒரு கல்லைத் தொட்டு அழணும், அவ்வளவுதான். 'எங்க தாத்தா ஊர்க்காரங்க வீட்டை இடிச்சுக் கொடுத்தார்'னு எழுதின கல்லைத் தொட்டு எவன் அழுவான்?"

"பதினேழு வீட்டுக்காரங்க பேரை எழுதுங்க. அதைத் தொட்டு அழட்டும்."

"கல்லு வெட்டியாச்சு."

"என் பையனுக்கு இன்னும் பேர் வெக்கல."

கரண்டியைக் கீழே வைத்தார். "டோமாஸ், வளர்ந்த பையன் மாதிரி பேசு. பேரு என்ன பண்ணும்? கூடல் முடியட்டும், அப்புறம் உனக்கு எது பிடிக்குமோ அதை வெச்சுக் கூப்பிட்டுக்கோ."

"ஞானஸ்நானம் என்ன உங்க ஓட்டல் மெனு கார்டா, வாராவாரம் மாத்தறதுக்கு? உங்க பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சீங்களா, பெரியப்பா? உங்க தாத்தா பார்ட்லிதான் மார்ட்டினோட மூத்த பேரன். மார்ட்டின்னு வெச்சிருக்கணும். பெத்த பிள்ளையே அந்தப் பேரைச் சொல்லக் கூசினான், அதனாலதான் பார்ட்லி. உங்களுக்கு அந்தக் கூச்சம்கூட இல்ல."

அவர் முகம் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். "பீடர்! உன் பையன் என்னமோ சொல்றான். நீ என்ன சொல்ற?"

அப்பா தூரிகையோடு நிமிர்ந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ சொன்னாச் சரிண்ணா."

வீட்டுக்குப் போய் ஈமரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் மனைவி கெர்ரி மாவட்டத்துக்காரி. எங்கள் ஊர்ச் சண்டைகளைத் தொலைக்காட்சித் தொடர் மாதிரி ரசிப்பவள். அன்று ரசிக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ மாமா பேரையே வெச்சிடலாமே. முறைப்படி அதுதானே? பீடர் நல்ல பேரு."

"அவர் சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை கோயில்ல, அண்ணன் முன்னாடி, 'என் பேரன், என் பேரு'ன்னு வாயைத் திறந்து சொல்லட்டும். உடனே வெச்சிடறேன்."

"சொல்லலைன்னா?"

"தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஈமர். "என் பிள்ளை ஒண்ணும் உங்க வீட்டுக் கல்வெட்டு இல்ல."

அப்பாவிடம் அதைச் சொன்னேன். திங்கட்கிழமை சொன்னேன், புதன்கிழமை சொன்னேன். வெள்ளிக்கிழமை அவர் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டும் என்று கெஞ்சினேன். "பாக்கலாம்" என்றார். என் வாழ்க்கையில் அவரிடம் வேறு எதையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. இருநூறு பச்சைச் சட்டைகள், இருநூறு கடல்நாய்கள். மெல்போர்னிலிருந்து வந்த ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் முன்னால் இருந்தார். வின்னி கடைசி வரிசையில், தபால் சீருடையில்லாமல், வேறு யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா முதல் வரிசை. அப்பா இரண்டாம் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

தொட்டியின் முன்னால் நின்றோம். ஈமர் கையில் பிள்ளை. பங்குச் சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?"

நான் பதில் சொல்லாமல் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். நேராக, எல்லோரும் பார்க்கும்படி பார்த்தேன். ஒருவர் இருமினார். சாமியார் காத்திருந்தார்.

"மார்ட்டின்!" என்று பெரியப்பா முன்வரிசையிலிருந்து உற்சாகமாகக் குரல் கொடுத்தார். "சத்தமாச் சொல்லுடா, பேரு மறந்துபோச்சா?" வந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்பா நிமிர்ந்தார். வாய் திறந்தது. அதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு அண்ணனின் பிடரியைப் பார்த்தார். தொப்பியின் உட்புறத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

"லோர்கன்" என்றாள் ஈமர்.

"லோர்கனா?" என்றார் சாமியார்.

"லோர்கன். வேற பேரு இல்ல."

தண்ணீர் விழுந்தது. பிள்ளை வீறிட்டான். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, சிலர் கைதட்டக்கூடச் செய்தார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் கணக்குப் போட ஆரம்பித்ததை நான் கேட்டேன். "லோர்கன் யாரு?" "கெர்ரித் தாத்தாவா?" "அவரு பேரு டெனிஸ்." "அப்ப யாரு?" "யாருமில்ல போலிருக்கே." பிறகு முணுமுணுப்பு நின்றது. ஒவ்வொரு தலையாகத் திரும்பி என் அப்பாவைப் பார்த்தது. உயிரோடு, அதே கோயிலில், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாத்தாவின் பெயரை மூத்த பேரனுக்கு வைக்காமல் விடுவது எங்கள் பங்கில் நடக்கிற காரியம் இல்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரியப்பா மட்டும் என்னைப் பார்த்தார். "வீட்டைக் காலி பண்றதுக்கு எவ்வளவு நாள் வேணும்?" என்று வெளிவாசலில், புன்னகை மாறாமல், பச்சைச் சட்டைகளுக்குக் கை குலுக்கிக்கொண்டே கேட்டார்.

"கடப்பாரை கொண்டு வாங்க, பெரியப்பா. உடனே பண்ணிடலாம்" என்றேன்.

ஓட்டல் மண்டபத்தில் கேக்கை வெட்டிவிட்டார்கள். மாற்ற நேரம் இல்லை. மார்ட்டின் என்ற எழுத்துகளைத் துண்டு துண்டாகத் தட்டுகளில் வைத்து எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள். சுவர் முழுவதும் என் வம்சாவளி, நாலு மீட்டர் நீளம், கீழே மூலையில் "தொகுத்தவர் டோமாஸ் கில்ரோனன்". நான் ஒரு மேசையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினேன். கறுப்பு மார்க்கரால், "கடைசிவரை வாசலை விடாதவர்" என்பதை அடித்தேன். அதற்குப் பதிலாக, 1848 மார்ச்சில் டெரிபானில் முதல் அடி போட்டவர் என்று எழுதினேன். பக்கத்தில் காலி இடம் இருந்தது. வெளியேற்றப்பட்ட வீடுகள் பதினேழு என்று எழுதிவிட்டு நின்றேன். காரியஸ்தர் கடிதத்தில் எண்ணிக்கைதான் இருந்தது, பெயர்கள் இல்லை.  யாரோ ஒரு பாஸ்டன்காரி, "என்ன எழுதறார், என்ன எழுதறார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மேசை ஆடியது. கீழே பார்த்தேன். அப்பா அதன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"என் பேரையாவது வெச்சிருக்கலாம்டா" என்றார்.

"வெச்சிருப்பேன். வாயைத் திறந்திருந்தீங்கன்னா."

அவர் சுவரைப் பார்த்தார். பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"பதினேழு இல்ல" என்றார் அப்பா. "பத்தொம்பது. ரெண்டு குடிசையைக் காரியஸ்தன் வீடுன்னே எண்ணல."

"பீடர்!" என்றார் பெரியப்பா.

அப்பா திரும்பவில்லை. "எழுது. கீழேருந்து மேல போகலாம். ஓடைக்கரையில விதவை ஆனர். அவளுக்கு அடுத்து காலொடிஞ்ச ஹியூ, பிள்ளைங்க ஆறு பேரு. அப்புறம் வின்னியோட ஆளுங்க, பேட்ரிக்கும் அவன் அம்மாவும்..."

ஒரு பெயருக்கும் அவர் தடுமாறவில்லை. எந்த வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள், யார் கப்பலேறினார்கள், யார் ஏறவில்லை என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ரயிலேறிப் போய் இரண்டு வருஷமாக நான் தேடியது அத்தனையும் என் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறத்தில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. மார்க்கரை அழுத்திய அழுத்தத்தில் காகிதம் கிழிந்தது.

"மெதுவாச் சொல்லுங்க" என்று கத்தினேன். அவர் மெதுவாகச் சொன்னார். நான் எழுதினேன்.